மறந்த மாதிரி இரு

எனக்கு மார்பில் கேன்சர் என்பதை யாராவது வாய்விட்டுச் சொன்னால்தான் எனக்குத் தெரியும் என்று என் மகன் நினைத்துக்கொண்டிருந்தான். எழுத்துக் கூட்டிப் படிக்கத் தெரிந்த எவரும் அந்த ஆஸ்பத்திரியின் இரண்டாவது மாடிக்கு ஏறினாலே போதும். படிக்கட்டு முடிகிற இடத்தில் ஆள் உயரத்துக்கு போர்டு மாட்டியிருக்கிறார்கள், தமிழிலும் இங்கிலீஷிலும். நான் அந்தக் காலத்து பதினொன்றாம் வகுப்பு. போர்டைப் படித்தேன், அவன் முகத்தைப் பார்த்தேன். "நீர்க்கட்டிதாம்மா, எடுத்துட்டா சரியாப் போயிடும்" என்றான். சரிடா என்றேன்.

எங்கள் பக்கம் கெட்ட சேதியை யாரும் நேராகச் சொல்வதில்லை. ஆள் போய்ச் சேர்ந்த பிறகும் போனில், "கொஞ்சம் சீரியஸா இருக்குது, கெளம்பி வாங்க" என்றுதான் சொல்வோம். சொல்கிறவருக்கும் தெரியும், பஸ் ஏறி வருகிறவருக்கும் தெரியும். தெருமுனையில் பந்தல் கண்ணில் படுகிற வரைக்கும் இரண்டு பேரும் சீரியஸ் என்றே வைத்துக்கொள்வார்கள். அதனால் மகன் மறைத்ததில் எனக்கு வருத்தம் இல்லை. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கப் பார்க்கிறானே என்று சிரிப்புதான் வந்தது. அவன் நிம்மதிக்காக நானும் ஒன்றும் தெரியாதவளாக இருந்துவிட்டேன். இதை எழுத நான் உட்காரவில்லை. அவன் செய்த இன்னொன்றுக்காகத்தான் உட்கார்ந்தேன்.

அதற்கு முன்னால் நான் எப்படிப்பட்டவள் என்று சொல்லிவிடவேண்டும். விருத்தாசலத்தில் செராமிக் கம்பெனிகள் இருக்கிற பேட்டையில், கரன்ட் போர்டுக்குப் பீஸ் கட்டை செய்கிற கம்பெனி ஒன்றில் பாக்கிங்கில் சேர்ந்து சூப்பர்வைசராக வெளியே வந்தவள். எந்த லோடு எந்தச் சூளையில் வெந்தது, எந்த ஊருக்குப் போனது என்று முதலாளி பேப்பரைத் தேடி எடுப்பதற்குள் சொல்லிவிடுவேன். ரிடையர் ஆன பிறகு அந்த ஞாபகத்துக்கு வேறு வேலை கிடைத்தது. எங்கள் தெருவில் ஸ்ரீமுஷ்ணம் போகிற டவுன் பஸ் எப்போது, திட்டக்குடிக்குக் கடைசி வண்டி எப்போது என்று என் வீட்டு வாசலில் வந்துதான் கேட்பார்கள். மகன் கல்யாணத்தில் யார் யாருக்குப் பத்திரிகை வைக்க விட்டுப்போனது என்று இன்றைக்கும் சொல்வேன். இதனால் உறவில் எனக்குக் கெட்ட பேர்தான். "அந்தம்மா எதையும் மறக்காது" என்று அவர்கள் சொல்வது பாராட்டு இல்லை.

போன சித்திரையில் குளிக்கும்போது இடது பக்கம் கட்டி கையில் தட்டுப்பட்டது. வலி இல்லை. மருமகளிடம் சொன்னேன், அவள் மகனிடம் சொன்னாள். ஊரில் ஸ்கேன் பார்த்து, ஊசி வைத்து சதை எடுத்துப் பார்த்து, அப்புறம் புதுச்சேரிப் பக்கம் ஒரு பெரிய ஆஸ்பத்திரி. மகன் கூட்டுறவு பேங்க்கில் வேலை பார்க்கிறான். லீவு போட்டு, காரை அவனே ஓட்டி, இட்லியும் சுடுதண்ணீர் பிளாஸ்க்கும் எடுத்துவைத்து அழைத்துப் போனான். அவன் கெட்ட பிள்ளை இல்லை. அதை இப்போதே சொல்லிவிடுகிறேன், பிறகு சொல்ல எனக்கு மனசு வராது.

பெரிய டாக்டர் என்னைப் பார்த்து முடித்ததும், "அம்மா வெளிய உக்காரட்டும் சார்" என்று அவனே சொல்லி என்னை அனுப்பினான். உள்ளே வெகுநேரம் இருந்தான். வெளியே வரும்போது கண் சிவந்திருந்தது. பக்கத்தில் உட்கார்ந்து என் காதோடு பேசினான்.

"ம்மா, இப்ப ஒரு பொண்ணு வந்து கேள்வி கேக்கும். இன்சூரன்ஸ் கார்டுக்காக. நீ எப்பவும் போல டாண் டாண்ணு பதில் சொன்னீன்னா, இந்தம்மா நல்லாத்தான இருக்குதுன்னு தள்ளிவுட்டுடுவாங்க. கொஞ்சம் மறந்த மாதிரி இரு."

"எவ்ளோடா மறக்கணும்?"

"நல்லாவே மறந்துடு."

எனக்குத் துளி சந்தேகம் வரவில்லை. எங்கள் ஊரில் இது நடக்கிறதுதான். எங்கள் தெருவில் ஒருத்தர் கருவேப்பிலங்குறிச்சி வரைக்கும் சைக்கிள் மிதிக்கிற மனுஷன். உதவித்தொகைக்காக ஆபீசர் பார்க்க வந்த அன்றைக்கு இரண்டு பேர் தோளில் தொங்கிக்கொண்டு வாசலுக்கு வந்தார். ஜீப் திரும்பியதும் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு டீக்கடைக்கு நடந்தார். கவர்மென்ட்டிடம் ஒன்று வாங்கவேண்டுமானால் கொஞ்சம் நொண்டத்தான் வேண்டும் என்பது எங்கள் எல்லாருக்கும் தெரியும். காலுக்குப் பதில் என் தலை நொண்டட்டும், அவ்வளவுதானே என்று நினைத்தேன்.

வெள்ளைக் கோட்டுப் போட்ட சின்னப் பெண் வந்தாள். நல்ல மரியாதையாகப் பேசினாள். "பாட்டி, இது எந்த ஊரு?" என்றாள். "விருத்தாசலம்" என்றேன். "என்ன மாசம் இப்ப?" ஃபேன் அனல் காற்றை இறைத்துக்கொண்டிருந்தது. "தை மாசம்" என்று சொல்லி முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டேன். மூன்று வார்த்தை சொல்கிறேன், நினைவில் வைத்துக்கொள்ளுங்கள் என்று மாம்பழம், சாவி, குதிரை என்றாள். கொஞ்சம் பொறுத்துத் திருப்பிக் கேட்டபோது, "நீ எப்பம்மா வந்த?" என்றேன். ஒரு வட்டம் போட்டுக் கொடுத்து, அதில் கடிகாரம் வரையச் சொன்னாள். எல்லா எண்களையும் ஒரு பக்கமாக நெருக்கி எழுதி, முள்ளை வட்டத்துக்கு வெளியே வைத்தேன். பள்ளிக்கூட ஆண்டு விழாவில் எனக்கு யாரும் வேஷம் கொடுத்ததில்லை. அந்தக் குறை அன்றைக்குத் தீர்ந்தது.

மகன் என் நாற்காலிக்குப் பின்னால் நின்றிருந்தான். திரும்பிப் பார்த்தேன், அவன் கண்ணில் தண்ணீர் நின்றது. சிரிப்பை அடக்குகிறான் என்று எண்ணினேன். அந்தப் பெண் போனதும், "எப்பிடிடா?" என்று கேட்டேன். "சூப்பரும்மா" என்றான்.

பிறகு ஆபரேஷன் நடந்தது. ஒரு மார்பை எடுத்துவிட்டார்கள். அதைப் பற்றி நான் நிறைய எழுதலாம், ஆனால் அது ஆறிவிட்ட புண். அதற்கப்புறம் ட்ரிப்ஸ். "ஆபரேஷன்ல ரத்தம் போச்சுல்லம்மா, ஒடம்பு ஊற சத்து ட்ரிப்ஸ்" என்றான் மகன். அந்தச் சத்து ஏறிய மூன்றாம் வாரமே என் தலைமயிர் சீப்போடு வந்தது. "மருந்து சூடு" என்றாள் மருமகள். வாயெல்லாம் புண், மோர் கூட எரிந்தது. பகலில் பாதி நேரம் படுக்கையில் கிடந்தேன். வாசலுக்கு வந்து பஸ் கேட்டவர்களுக்கு மருமகள் ஜன்னல் வழியாக, "அவங்களுக்கு முடியல" என்று சொல்லி அனுப்பினாள். விரல் நுனியெல்லாம் மரத்துப்போயின. ஜாக்கெட் கொக்கி மாட்டக்கூட அவளைக் கூப்பிடவேண்டும். பேனா விரலில் நிற்பதில்லை. இதைக்கூட நான் போனில் பேசப் பேச அதுதான் எழுதுகிறது. நிறையத் தப்பு விடுகிறது, ஆனாலும் நான் சொன்னதைத்தான் கேட்கிறது.

கஷ்டம்தான், ஆனால் நோய்க்கு இதுதான் வைத்தியம், வேறு வழியில்லை என்று பல்லைக் கடித்துக்கொண்டிருந்தேன். வேறு வழி ஒன்று இருந்ததும், அது என் பெயரைச் சொல்லித் தேடி வந்ததும், எனக்கு மூன்றாவது ட்ரிப்ஸ் ஏறும்போதுதான் தெரிந்தது.

பக்கத்துக் கட்டிலில் திட்டக்குடிப் பக்கத்து அம்மா ஒருத்தி. என்னைவிட மூத்தவள். அவள் கையிலும் ட்ரிப்ஸ் ஓடியது, ஆனால் தலையில் பாதி மயிர் இருந்தது, முகத்தில் களை இருந்தது. நடவுக்கு ஆள் விட்டுவிட்டு வந்திருப்பதாகவும், சாயந்தரம் போய்க் கூலி ஆட்களுக்கு டீ போட வேண்டும் என்றும் சொன்னாள். எனக்கு அதைக் கேட்கவே மூச்சு வாங்கியது.

"ஒனக்கு மட்டும் எப்பிடிம்மா இப்பிடித் தாங்குது?" என்று கேட்டேன்.

"எனக்குக் கொறச்சல்ல குடுக்கறாங்க. நான் ஆராய்ச்சில இருக்கேன்ல." ஏதோ சங்கத்தில் இருக்கிற மாதிரி சொன்னாள். "எழுவது தாண்டுனவங்கள மட்டும் சேக்கறாங்க. பாதி பேருக்கு முழுசா, பாதி பேருக்குக் கொறச்சு. எனக்கு அதிர்ஷ்டம், கொறச்சல்ல வுழுந்துச்சு. ஏம்மா, உங்களக் கேக்கலியா? நம்ம ரெண்டு பேரும் ஒரே நாள்லதான வந்தோம். அந்த ஆராய்ச்சி சிஸ்டரு எல்லாரையும் கூப்ட்டுப் பேசுச்சே."

என்னிடம் யாரும் பேசவில்லை. ட்ரிப்ஸ் முடிந்ததும், மருந்து வாங்க மகன் கீழே போயிருந்த நேரத்தில், சுவரைப் பிடித்துக்கொண்டு அந்த சிஸ்டர் அறைக்குப் போனேன். அவர் நாற்பது வயசுக்காரர், கண்ணாடி போட்டவர். "என்னைய ஏங்க சேக்கல? எனக்கும் எழுவது தாண்டிடுச்சே" என்றேன்.

அவர் என்னை நிமிர்ந்து பார்த்த பார்வை எனக்கு இன்னும் நினைவிருக்கிறது. நாற்காலி பேசினால் பார்ப்பார்களே, அப்படி. உட்காரச் சொன்னார். என் நம்பரைப் போட்டுக் கம்ப்யூட்டரைப் பார்த்தார். அப்புறம் என்னைப் பார்த்தார்.

"அம்மா, உங்களுக்கு ஞாபக மறதி அதிகம்னு இருக்கு. மூணு வருஷமா அப்படின்னு உங்க பையன் சொல்லியிருக்காங்க. ஆரம்பத்துல நாங்க பாத்த சோதனையிலயும் ரொம்பக் கம்மியாத்தான் வந்திருக்கு. இந்த ஆராய்ச்சியில சேரணும்னா என்ன நோய், என்ன மருந்து, என்ன ஆபத்துன்னு நோயாளியே கேட்டுப் புரிஞ்சுக்கிட்டு அவங்க வாயால சம்மதம் சொல்லணும். மறதி இருந்தா சேர்க்க முடியாது."

"என்னா சோதனைங்க?"

"எழுபதுக்கு மேல வர்ற எல்லாருக்கும் முதல் நாளே பாக்கிறதுதான். மாசம் என்ன, ஊர் எது, கடிகாரம் வரையச் சொல்லுவோம்..."

காதில் அதற்கு மேல் விழவில்லை. நான் பேசாமல் உட்கார்ந்திருந்ததை என் மறதிக்கு இன்னொரு சாட்சியாகத்தான் அவர் எடுத்துக்கொண்டிருப்பார். இன்சூரன்ஸும் இல்லை, கார்டும் இல்லை. கடிகாரத்து எண்களை நான் சிரத்தையாக ஒரு பக்கம் நெருக்கி எழுதியபோது என் பின்னால் நின்றவனுக்கு அது என்னவென்று தெரிந்திருக்கிறது. நம்ப வைத்துக் கழுத்தை அறுப்பது என்று சொல்வோம். என் விஷயத்தில் கத்தியை என் கையிலேயே கொடுத்திருந்தான்.

என்னை நிதானப்படுத்திக்கொண்டு சிஸ்டரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். இன்சூரன்ஸ் என்று சொன்னது, நான் நடித்தது, மாம்பழம், சாவி, குதிரை. அவர் வாயில் கையை வைத்துக்கொண்டார். பிறகு என் பக்கமாக நாற்காலியை இழுத்துப் போட்டு, என்னிடம் நேராகப் பேசினார். அந்த ஆஸ்பத்திரியில் ஒருவர் என்னிடம் நேராகப் பேசியது அதுதான் முதல் தடவை. பெரும்பாலும் புது மருந்துகளை வயசில் சிறியவர்களிடம்தான் சோதித்துப் பார்க்கிறார்கள், வயசானவர்களுக்கு உடம்பு தாங்காது, வேறு நோய் இருக்கும், வந்து போக முடியாது என்று விட்டுவிடுகிறார்கள் என்றார். அதனாலேயே எங்கள் வயசுக்கு எவ்வளவு மருந்து போதும், எவ்வளவு அதிகம் என்று யாருக்கும் சரியாகத் தெரிவதில்லையாம். அதைத் தெரிந்துகொள்ளத்தான் இந்த ஆராய்ச்சி. என் வாழ்நாளில் எழுபது வயசு ஒரு தகுதியாக இருந்த ஒரே இடம் அது. அங்கேயும் என்னை வெளியே நிறுத்திவிட்டான்.

"இப்ப சேரலாமாங்க?"

"ட்ரிப்ஸ் ஆரம்பிச்சிட்டாங்களேம்மா, இதுல இனிமே முடியாது. ஆனா இன்னொண்ணு இருக்கு. ட்ரிப்ஸ் முடிச்சவங்களுக்குக் கரன்ட் வெப்பாங்க இல்ல, ரேடியேஷன்? வழக்கமா வாரக்கணக்கா தினமும் வரணும். வயசானவங்களுக்கு அந்த நாளைக் குறைச்சாலும் போதுமான்னு பாக்கறாங்க. குறைச்சல் உங்களுக்கு விழுமா, முழுசா விழுமான்னு கம்ப்யூட்டர்தான் சொல்லும். அது பரவாயில்லைன்னா நீங்க சேரலாம். அதுக்கு இந்த மறதின்னு இருக்கிறது மாறணும்."

"மாத்துங்க. இப்பவே கேளுங்க, சொல்றேன்."

"நீங்க சரியா சொன்னா மட்டும் பத்தாதும்மா. கூட இருக்கிறவங்க சொல்றதையும் டாக்டர் கேப்பாங்க. மறதி உள்ளவங்க ஒருநாள் தெளிவா இருப்பாங்க, ஒருநாள் இருக்க மாட்டாங்க. அதனால உங்க பையன் வந்து, அன்னிக்கு சொன்னது சரியில்லைன்னு சொல்லணும். அவ்வளவுதான்."

என் மகன் ஒரு வாக்கியம் சொல்லவேண்டும். அதை மனசில் வைத்துக்கொண்டு காரில் ஏறினேன். கடலூரில் டீ வாங்கிக் கொடுத்தான், குடித்தேன். வடலூர் போயிற்று, நெய்வேலி போயிற்று. அதற்கப்புறம்தான் வாயைத் திறந்தேன்.

"எனக்கு மூணு வருஷமா மறதியாடா?"

வண்டி லேசாக ஆடியது. ஓரமாக நிறுத்தினான்.

"ஆராய்ச்சின்னு சொன்னாங்கம்மா. உன் மேல மருந்தப் போட்டுப் பாக்கறதாம். நீ என்னா எலியா? எங்கம்மாவுக்கு முழு வைத்தியமும் பாக்கணும்னு நெனச்சேன்."

"இப்ப பாட்டில் பாட்டிலா ஏத்துனீங்களே, அது என்னா சர்பத்தா?"

"அதோட அதுல சேரணும்னா உன்கிட்டயே அந்தப் பேரச் சொல்லிடுவாங்கம்மா. எழுவது தாண்டுன எல்லாரையும் அவங்களே நேரா கூப்ட்டுப் பேசுவாங்களாம். உன்கிட்ட பேசக் கூடாதுன்னா அதுக்கு ஒரே வழிதான் இருந்துச்சு. உனக்குத் தெரிஞ்சா தாங்க மாட்டேன்னுதான்..."

"எனக்கு மொத நாளே தெரியும். படிக்கட்டாண்ட போர்டு இருக்குது."

அவன் அழுதான். ஐம்பதை நெருங்குகிற ஆண்பிள்ளை, மூக்கை உறிஞ்சிக்கொண்டு அழுதான். தெரிஞ்சும் ஏம்மா சொல்லல என்று கேட்டான். நீ இப்படி அழுவாய் என்றுதான் என்றேன். வேறு சமயமாக இருந்தால் இரண்டு பேரும் சிரித்திருப்போம்.

என் வயிறு எரிந்தது, அதை மறைக்காமல் சொன்னேன். நோயை மறைத்தாய், போகட்டும். எனக்குப் புத்தியில்லை என்று நீ சொன்னதோடு நிற்கவில்லையேடா, அதை என்னைக்கொண்டே சொல்லவைத்தாயே என்று கேட்டேன். தாயும் பிள்ளையுமானாலும் வாயும் வயிறும் வேறு என்பார்கள். காசு விஷயத்துக்குச் சொல்கிற பழமொழிதான். எனக்கு அன்றைக்கு அது அப்படியே எழுத்துக்கு எழுத்து பொருந்தியது. என் வாயை அவன் எடுத்துக்கொண்டிருந்தான், வாந்தி எடுத்த வயிறு மட்டும் எனக்கு மிச்சம்.

"ட்ரிப்ஸ் முடியறப்ப டாக்டர் கேப்பாங்க. அன்னிக்கு சொன்னது தப்புன்னு சொல்லிடு. வேற ஒண்ணும் வேணாம்."

"சொல்றேம்மா. சத்தியமா சொல்லிடறேன்."

மீதி ட்ரிப்ஸெல்லாம் எப்படிப் போனதென்று கேட்டால், இந்தச் சத்தியத்தில்தான் போனது. வாந்தி எடுக்கும்போது மருமகள் நெற்றியைப் பிடித்துக்கொள்வாள், நான் மனசுக்குள் ட்ரிப்ஸ் முடியட்டும் என்று சொல்லிக்கொள்வேன். கரன்ட் நாள் குறையுமா என்பதுகூட எனக்கு அப்போது இரண்டாம் பட்சம். அது கம்ப்யூட்டர் பாடு. நீ சேருகிறாயா, சேரவில்லையா என்று என்னை ஒருவர் கேட்கவேண்டும், நான் பதில் சொல்லவேண்டும். அதுதான் எனக்கு வேண்டியிருந்தது.

அந்த நாளும் வந்தது. அறையில் பெரிய டாக்டர் இருந்தார், முதல் நாள் என் மகன் எவரிடம் மறதி என்று சொன்னானோ அவரே. அவரைச் சுற்றிப் படிக்கிற பிள்ளைகள் நான்கைந்து பேர் நோட்டுப் புத்தகத்தோடு நின்றார்கள். ஆராய்ச்சி சிஸ்டர் கதவோரமாக நின்று என்னைப் பார்த்துத் தலையசைத்தார். டாக்டர் கேட்டதற்கெல்லாம் பதில் சொன்னேன். ஊர், கிழமை, மாசம். நோயின் பெயரைக் கேட்டார், அதையும் சொன்னேன். என்ன ஆபரேஷன், எத்தனை ட்ரிப்ஸ், கரன்ட் எதற்கு வைக்கிறார்கள், குறைத்தால் என்ன லாபம், என்ன ஆபத்து என்றும் சொன்னேன். பிள்ளைகள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். டாக்டரும் சிரித்தார். எனக்கு மார்பு விம்மியது. இருக்கிற ஒன்றுதான், அதுவாவது விம்மட்டும்.

பிறகு அவர் என் மகன் பக்கம் திரும்பினார்.

"என்ன சார், அம்மா பிச்சு உதர்றாங்க. முதல் தடவை வந்தப்ப மூணு வருஷமா மறதின்னு சொன்னீங்களே. அது என்ன, பொய்யா?"

அவர் சும்மா விளையாட்டாகத்தான் கேட்டார். ஆனால் பொய் என்ற சொல் அந்த அறையில் எல்லார் காதிலும் விழுந்தது. பிள்ளைகள் என் மகனைப் பார்த்தார்கள். பேங்க்கில் ஊரே அவனை சார், சார் என்று கூப்பிடும். அவன் காது சிவந்ததை நான் பார்த்தேன். சொல்லுடா என்று அவனையே பார்த்தேன். அவன் என் பக்கம் திரும்பவே இல்லை. டாக்டர் முகத்தைப் பார்த்துக்கொண்டு, கையைக் கட்டிக்கொண்டு சொன்னான்:

"இல்லைங்க சார். சில நாள் இப்பிடித் தெளிவா இருப்பாங்க."

"டேய்!" என்று கத்திவிட்டேன். நாற்காலியிலிருந்து எழுந்தேன். சத்தியம் பண்ணினாயேடா என்றேன், நடிக்கச் சொன்னது நீதானேடா என்றேன், இன்னும் என்னென்னவோ சொன்னேன். கதவோரம் சிஸ்டர், "சார், அந்தம்மா என்கிட்ட..." என்று ஆரம்பித்தார். டாக்டர் கையைக் காட்டி அவரை நிறுத்தினார். என் தோளைத் தட்டி உட்காரவைத்து, காது கேட்காதவர்களிடம் பேசுகிற மாதிரி சத்தமாக, "கோபப்படாதீங்க பாட்டி. சாப்பிட்டீங்களா?" என்றார். அப்புறம் பிள்ளைகளைப் பார்த்து, மறதி உள்ளவர்களுக்கு இப்படித் திடீரென்று கோபம் வரும், கூட இருக்கிறவர்கள் மேலேயே சந்தேகமும் வரும், கவனித்துக்கொள்ளுங்கள் என்று பாடம் சொன்னார். அவர்கள் எழுதிக்கொண்டார்கள். என் கோபத்தையும் என் உண்மையையும் சேர்த்து நோயில் எழுதிக்கொண்டார்கள்.

என்னைச் சேர்க்கவில்லை. வழக்கம் போல முழு நாளும் கரன்ட் வைப்பது என்று முடிவானது. அதையும் அவனிடம்தான் சொன்னார்கள்.

திரும்பி வரும்போது அவன் ஏதேதோ பேசினான். அத்தனை பேர் முன்னால் எப்படிம்மா என்றான். வெளியே வந்து தனியாகச் சொல்லலாம் என்று நினைத்தேன் என்றான். மானம் என்று அவனுக்கு ஒன்று இருக்கிறது, அதற்கு என்னைக் கொடுத்துவிட்டான். பெற்ற பிள்ளை மேல் இவ்வளவு வெறுப்பு வருமா என்று எனக்கே பயமாக இருந்தது. ஊருக்குள் வந்ததும், "வூட்டுக்கு வேணாம். மணவாளநல்லூருக்கு வுடு" என்றேன்.

ஊருக்கு வெளியே, மணவாளநல்லூரில் கொளஞ்சியப்பர் கோவில் இருக்கிறது. அங்கே பிராது கட்டுவது எங்கள் பக்கத்து வழக்கம். ஸ்டேஷனில் எடுபடாத, பஞ்சாயத்தில் தீராத வழக்கைக் காகிதத்தில் எழுதி, முருகன் முன்னால் வைத்து, வேலில் கட்டிவிட்டு வருவார்கள். நகையைக் காணோம், நிலத்தை ஏமாற்றினான், புருஷன் வேறு வீடு வைத்திருக்கிறான் என்று எல்லாம் வரும். யாருடைய பிராது, யார் மேல், என்ன அநியாயம் என்று பெயர் ஊரோடு எழுதவேண்டும். நான் பெரிய பக்தை இல்லை. பொங்கலுக்கு ஒரு தடவை போனால் உண்டு. நான் உடம்புக்கு வேண்டிக்கொள்ளப் போகிறேன் என்று மகன் நினைத்திருக்கவேண்டும். அவசரமாக இறங்கி வந்து கையைப் பிடித்து நடத்திப் போனான்.

பிராது எழுதிக் கொடுக்கிறவர் ஒருவர் உட்கார்ந்திருந்தார். காகிதத்தை என் பக்கம் நீட்டினார். நான் விரலைக் காட்டி, "பேனா நிக்காதுங்க, நீங்களே எழுதுங்க" என்றேன். அப்போதுதான் மகனுக்குப் புரிந்தது. "ம்மா" என்றான்.

"உங்க பேருங்கம்மா?"

சொன்னேன்.

"ஊரு?"

"இங்கதாங்க. விருத்தாசலம்."

"யார் மேல பிராது?"

என் கையைப் பிடித்திருந்த அவன் கை நழுவியது. அவன் பேரைச் சொன்னேன், அவன் அப்பாவின் இனிஷியலோடு. என்ன உறவு என்றார். மகன் என்றேன். பேனா நின்றது. அவர் நிமிர்ந்து பக்கத்தில் நிற்கிறவனைப் பார்ப்பார், அம்மா என்ன சொல்கிறார்கள் என்று கேட்பார் என்று நினைத்தேன். ஆஸ்பத்திரியில் அப்படித்தான் பழகியிருந்தது. அவர் என்னைத்தான் பார்த்தார்.

"என்னா செஞ்சாரு? சொல்லுங்கம்மா, எழுதறேன்."

"எனக்குப் புத்தி கெட்டுப்போச்சுன்னு சொன்னான். என் ஒடம்பப் பத்தி என்னைய யாரும் கேக்காதபடி பண்ணிட்டான். திருப்பிச் சொல்றேன்னு சத்தியம் பண்ணிட்டு, கேட்டப்ப மறுபடியும் அதையேதான் சொன்னான்."

நான் சொல்லச் சொல்ல, ஒரு வார்த்தை விடாமல் எழுதினார். எழுதி முடித்ததும் முதலிலிருந்து எனக்குப் படித்துக் காட்டினார். "சரியா இருக்குதாம்மா?" என்று கேட்டார். சரியாக இருக்கிறது என்றேன். என் மகன் அங்கேயேதான் நின்றுகொண்டிருந்தான். அவனை யாரும் ஒன்றும் கேட்கவில்லை.